சீரகமும் வெல்லமும் சேரும் நிமிடம்

சித்தூரில் அச்சான இரண்டு கல்யாணப் பத்திரிகைகளை, தமிழ்க் குடும்பத்துடையது ஒன்று, தெலுங்குக் குடும்பத்துடையது ஒன்று, அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு மொழியோடு நிற்பதில்லை என்பது தெரியும். தமிழ்ப் பத்திரிகை ‘காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்று தாராளமாக ஒன்றரை மணி நேரம் விடும். தெலுங்குப் பத்திரிகையோ ‘4 மணி 52 நிமிடங்களுக்கு’ என்பது போல ஒற்றை நிமிடத்தில் வந்து நிற்கும். அந்த நிமிடத்தில் தாலி ஏறும் என்று தமிழ் விருந்தாளி எண்ணிக்கொள்வார். அங்கே நடப்பது வேறு. மணமக்களுக்கு நடுவே ஒரு திரையைப் பிடித்திருப்பார்கள். திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தபடியே, சீரகமும் வெல்லமும் சேர்த்து இடித்ததை வெற்றிலையில் வைத்து ஒருவர் உச்சந்தலையில் மற்றவர் அழுத்துவார்கள். ‘ஜீலகர்ர பெல்லம்’ என்பது இதுதான். தெலுங்கர் கணக்கில் முகூர்த்தம் என்றால் இந்தக் கணம். மங்கலசூத்திரம் பிறகுதான் வரும். சட்டத்தின் கணக்கு இன்னொன்று. சப்தபதி வழக்கில் உள்ள இடங்களில் ஏழாவது அடி எடுத்து வைக்கும்போதுதான் திருமணம் நிறைவடைகிறது என்கிறது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. அந்த ஏழாவது அடி வைக்கப்படும்போது மண்டபத்தில் பெரும்பாலும் நாற்காலிகள்தான் மிச்சமிருக்கும். எல்லாரும் பந்திக்குப் போயிருப்பார்கள்.

கல்யாணத்துக்கு உயிரான இந்தக் கணங்கள் எவை, எப்போது வருகின்றன என்று கேட்காமலேதான் இன்று பல வீடுகளில் திட்டம் தொடங்குகிறது. முதலில் மண்டபம், அப்புறம் சமையல்காரர், அப்புறம் மேடை அலங்காரம், வீடியோ, அழகுக்கலை நிபுணர். எல்லாம் பேசி, முன்பணமும் கொடுத்து முடித்த பிறகு புரோகிதருக்கு ஒரு போன் போகும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். பக்திக்காகவோ பழமைக்காகவோ இதைச் சொல்லவில்லை. சடங்கைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் நாளும் நேரமும் பணமும் கைக்குள் அடங்கும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் உரிமையும் குடும்பத்திடமே இருக்கும். மண்டபத்திலிருந்து தொடங்கினால் அந்த உரிமை வாடகைச் சீட்டோடு கைமாறிவிடும்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர உறவில் விழவில்லை. நகரியிலும் புத்தூரிலும் குப்பத்திலும் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக் கூடத்தில் பேசப்படுகின்றன. வேலூரிலும் திருவள்ளூரிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லையைத் தாண்டி நடக்கும்போது இரண்டு பஞ்சாங்கங்கள் ஒரே மேசைக்கு வருகின்றன. தமிழருடையது சூரியனைப் பின்பற்றும் மாதம். தெலுங்கருடையது அமாவாசை முடிந்து பிறக்கும் சந்திர மாதம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நாம் மண்டபம் தேடிப் புறப்படும்போது அவர்களுக்குப் புஷ்ய மாதம் முடிந்திருக்காது. அது சூன்ய மாதம், கல்யாணம் கிடையாது. தை அமாவாசை கழிந்து மாகம் பிறந்தால்தான் அவர்களுக்கு வழி. நமக்கு ஆனி முகூர்த்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களுக்கு ஆஷாடம் தொடங்கிவிடும். நேர்மாறாக, ஆடி அமாவாசைக்கு மறுநாள் அவர்களுக்கு சிராவணம் பிறந்து கல்யாணச் சீசன் களைகட்டும். நம் வீட்டுப் பெரியவர்களோ ‘ஆடியிலா கல்யாணம்?’ என்று முகம் சுளிப்பார்கள். புரட்டாசியிலும் இதே கதை. மகாளய அமாவாசையோடு பாத்ரபதம் முடிந்து அவர்களுக்கு ஆஸ்வயுஜம் திறக்க, நம்மில் பலருக்குப் புரட்டாசி முழுவதும் அடைத்தே கிடக்கும்.

இது போதாதென்று ‘மூடம்’ ஒன்று இருக்கிறது. குருவோ சுக்கிரனோ சூரியனுக்கு மிக அருகே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் நாட்களைத் தெலுங்குப் பஞ்சாங்கம் மௌட்யம் என்று ஒதுக்கிவைக்கிறது. 2024இல் மூடமும் அதை ஒட்டி வந்த ஆஷாடமும் சேர்ந்து ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம்வரை இப்படி அடைத்துக்கொண்டன. பள்ளி, கல்லூரி விடுமுறையில் கல்யாணம் வைக்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்த குடும்பங்கள் அந்த ஆண்டு என்ன செய்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. மூடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சில நாட்களில் எல்லாக் கல்யாணங்களும் நெருக்கியடித்து விழும்போது மண்டப வாடகையும் பூ விலையும் சமையல் கூலியும் ஏறத்தான் செய்யும். ஆகவே சம்பந்தம் பேசி முடித்த வாரமே இரு வீட்டாரும் இரண்டு பஞ்சாங்கங்களையும் விரித்து வைத்து, இருவருக்கும் திறந்திருக்கும் நாட்களை மட்டும் குறித்துக்கொள்வது நல்லது. மாசி, பங்குனி, வைகாசிப் பக்கம் அப்படி நாட்கள் கிடைக்கும். இரு பக்கத்திலும் திறந்த நாள் ஒன்றுகூட வசதிப்படவில்லை என்றால் எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம். தாம்பூலம் மாற்றிக்கொண்ட பிறகு ‘எங்கள் வழக்கத்தில் இந்த மாதம் ஆகாது’ என்று கிளம்பும் பேச்சு, நகை பற்றிய பேச்சைவிட ஆழமாகக் காயப்படுத்தும்.

நாள் கிடைத்த பிறகு நேரம். குறித்த நிமிடத்தில் ஜீலகர்ர பெல்லம் தலையில் இருக்க வேண்டும் என்றால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். மணப்பெண் கௌரி பூஜையில் உட்கார வேண்டும். மாப்பிள்ளைக்கு ஸ்நாதகம், காசி யாத்திரை, பெண் வீட்டார் எதிர்கொண்டு அழைக்கும் ‘எதுருகோலு’ எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நெற்றியில் பாசிகம் கட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, மணப்பெண்ணை மூங்கில் கூடையில் உட்காரவைத்துத் தாய்மாமன்மார் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோத்திரப் பிரவரம் சொல்லி, கன்னிகாதானம் ஆக வேண்டும். இவற்றுக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். முகூர்த்தம் விடிகாலை என்றால் நள்ளிரவு கடந்ததுமே வீடு விழித்திருக்க வேண்டும். ஆனால் சித்தூர்ப் பக்கத்து வழக்கப்படி முந்தைய மாலை வரவேற்பு; அது இரவு பதினொரு மணிவரை இழுக்கும். புகைப்படத்துக்கு நின்று நின்று கால் வீங்கிய பெண்ணையும் மாப்பிள்ளையையும் மூன்று மணிக்குள் எழுப்பி எண்ணெய் வைத்து மங்கள ஸ்நானம் செய்விப்பதைச் சடங்கு என்று சொல்வதா, தண்டனை என்று சொல்வதா? பிறகு ‘தெலுங்குக் கல்யாணம் நீளமானது’ என்று பழியை வைதிகத்தின் மேல் போடுகிறோம். நீளம் வரவேற்பு மேடையில் இருந்தது. நடுஇரவு முகூர்த்தம் தெலுங்கருக்குப் புதிதும் அல்ல. கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டாவில் கோதண்டராமர் திருக்கல்யாணமே பங்குனியிலோ சித்திரையிலோ வரும் பௌர்ணமி நிலவொளியில் இரவில்தான் நடக்கிறது. இரவு முகூர்த்தம் அமைந்தால் வரவேற்பை வேறு நாளுக்குத் தள்ளிவிடலாம். இல்லை, வரவேற்பு முக்கியம் என்றால் பகல் லக்கினம் கேட்டுப் பெறலாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பு புரோகிதரைக் கேட்டிருந்தால் மட்டுமே இந்தத் தேர்வு கையில் இருக்கும்.

இனிப் பணம். ஒரு தெலுங்குக் கல்யாணத்தின் வைதிகச் சாமான் பட்டியலை எழுதிப் பாருங்கள். சீரகம், வெல்லம், வெற்றிலை, மஞ்சள், குங்குமம், தேங்காய், மணமக்கள் வாரி இறைக்கும் தலம்பிராலுக்கு மஞ்சள் கலந்த அரிசி, ஹோமத்துக்கு நெய்யும் சமித்தும், குயவர் வீட்டிலிருந்து வரும் வண்ணப் பானைகள், மணமக்கள் முகூர்த்தத்தில் உடுத்தும் மதுபர்க்கம். மதுபர்க்கம் என்பது கரையிட்ட வெள்ளைப் பருத்தித் துணி, பட்டுகூட இல்லை. தாலிப் பொட்டும் மெட்டியும் குயவர் பானைகளும் தவிர மற்றதெல்லாம் ஒரு மளிகைக் கடையிலும் ஒரு ஜவுளிக் கடையிலும் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு உண்மையில் தேவைப்படுவது எவ்வளவு குறைவு என்பதற்குத் திருமலையே சாட்சி. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2016 முதல் மலைமேல் கல்யாண வேதிகாவில் இலவசமாகத் திருமணம் நடத்தி வைக்கிறது. புரோகிதர், மங்கள வாத்தியம், மஞ்சள், குங்குமம், கங்கணம் தேவஸ்தானத்தின் பொறுப்பு. பெற்றோர் உடனிருக்க வேண்டும். மற்றச் சாமான்களை நாம் கொண்டுபோக வேண்டும். ஆயிரம் பேரை அங்கே கூட்ட முடியாது என்பதுதான் அதன் பெரிய வசதி என்பேன். அங்கே நடக்கும் திருமணத்தில் எந்த மந்திரமும் குறைந்துபோவதில்லை. ஆகவே கீழே மண்டபத்தில் நாம் செலவழிக்கும் லட்சங்கள் எதற்குப் போகின்றன என்ற கேள்வியைச் சம்பிரதாயத்தின் மேல் சாய்க்க முடியாது. அண்மையில் வந்து சேர்ந்த ஹல்தி, சங்கீத் மாலைகளையும், அவற்றுக்கென்று தைக்கும் மஞ்சள் நிற உடைகளையும், தனி மேடையையும் பாருங்கள். உரலில் மஞ்சள் கொம்பு இடிக்கும் ‘பசுப்பு தஞ்சடம்’ தெலுங்கர் வீட்டு முற்றத்தில் காலங்காலமாக நடப்பது. ஐந்து சுமங்கலிகளும் ஒரு உலக்கையும் போதும். தலம்பிராலு அரிசியில் தெர்மாகோல் உருண்டைகளையும் மினுமினுப்புத் தூளையும் கலக்கும் விபரீதத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியவில்லை. கண்ணில் விழுந்தால் தெரியும் அதன் அருமை.

‘ஏழுமலையானே குபேரனிடம் கடன் வாங்கித்தானே கல்யாணம் செய்துகொண்டார்’ என்று இதற்குப் பதில் வரும். திருப்பதிப் பக்கம் கல்யாணக் கடனுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. புத்தூருக்கு அருகே நாராயணவனத்தில் ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணக்க சீனிவாசன் கடன் வாங்கினான், கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுகிறான், உண்டியலில் விழுவதெல்லாம் அந்த வட்டிக்குத்தான் என்பது ஊரறிந்த கதை. கதையைச் சொல்பவர்கள் அதன் மற்றப் பாதியைச் சொல்வதில்லை. திருப்பதி நகரில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜர் தலைக்கு மரக்காலை வைத்திருப்பது, தம்பி கல்யாணத்துப் பணத்தை அளந்து அளந்து களைத்ததால் என்கிறது அதே மரபு. அதாவது அந்தக் கல்யாணத்தில் கணக்குப் பார்க்க ஒரு மூத்தவர் இருந்தார். மணமக்கள் உடனே மலையேறாமல் ஆறு மாதம் ஸ்ரீனிவாச மங்காபுரத்தில் அகத்தியர் ஆசிரமத்தில் எளிமையாகத் தங்கினார்கள் என்பதும் அதே கதைதான். ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: ஏழுமலையானுக்கு உண்டியல் இருக்கிறது. வங்கியில் தனிநபர் கடன் வாங்கிப் பெண் கல்யாணம் நடத்தும் நகரி நெசவாளிக்கு அது இல்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு. கல்யாணம் சடங்குக்காக மட்டுமா? ஊரைக் கூட்டிச் சோறு போடவும் கொடுத்த மொய் திரும்பி வரவும்தானே? தெலுங்கில் ‘சதிவிம்புலு’ என்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று படித்து எழுதிக்கொள்வதால் வந்த பெயர். பல ஆண்டுகளாக ஊரெல்லாம் மொய் வைத்த தகப்பனிடம் ‘நூறு பேரோடு முடித்துக்கொள்’ என்று சொல்வது, போட்டு வைத்த சேமிப்பை விட்டுவிடச் சொல்வது போலத்தான். ஒப்புக்கொள்கிறேன். விருந்தைச் சுருக்கு என்பது என் வாதமும் இல்லை. விருந்தும் முகூர்த்தமும் ஒரே கூரையின் கீழ் ஒரே இரவில் மோத வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். முகூர்த்தத்தைக் கோயிலிலோ மலையிலோ வீட்டு முற்றத்திலோ நெருங்கிய உறவோடு நிதானமாக நடத்திவிட்டு, விருந்தை ஊரில் ஒரு பகல் வேளையில் வைத்தால் மொய்யும் வரும், மந்திரமும் காதில் விழும். எளிமையால் கலைஞர்கள் பிழைப்பு போய்விடும் என்பதும் நேர்மையான கவலையே. ஆனால் செலவு ஏறிய மண்டபங்களில் முதலில் வெட்டு விழுவது யார் மேல்? நாதஸ்வரக்காரர் மேல். டிஜேவுக்கு நாள் முழுக்க மேடை. சன்னாயி, டோலுக்குத் தாலி கட்டும் அந்தப் பத்து நிமிடம். திருப்பதியில் தேவஸ்தானம் நாதஸ்வர, டோலுப் பாடசாலை ஒன்றையே நடத்துகிறது. அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைக்கு வேலை கொடுப்பது சடங்கை மையமாக வைத்த கல்யாணமே.

பெண்ணைத் தானம் கொடுப்பது என்ன வழக்கம், மாப்பிள்ளையின் காலைப் பெண்ணைப் பெற்றவர் கழுவுவது என்ன நியாயம், இவற்றைக் காப்பாற்றவா இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எதை விடலாம் என்று தெரிந்து விடுவதற்கும் சடங்கை அறிந்தே ஆக வேண்டும். கன்னிகாதானம் இல்லாவிட்டாலும் சட்டப்படி திருமணம் செல்லும் என்று 2024இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு ஏப்ரலில் நீதிபதி நாகரத்னா இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு, உரிய சடங்குகள் நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தால் அது இந்து திருமணம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. கல்யாணம் ஆட்டபாட்டத்துக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சி அல்ல என்றும் கண்டித்தது. எல்லையோரத் தமிழர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். புரோகிதரே வேண்டாம், மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்ற சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில் 1967இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு தமிழ்நாட்டில் சட்டப் பாதுகாப்பு தருகிறது. அந்தத் திருத்தம் ஆந்திராவுக்குப் பொருந்தாது. திருத்தணியில் செல்லுபடியாகும் முறை, சில கிலோமீட்டர் தள்ளி நகரியில் நடந்தால் கேள்விக்கு உள்ளாகலாம். சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கு அங்கே இருக்கும் நேரான வழி 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால் அதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

பலரும் பேசத் தயங்கும் ‘கட்னம்’, அதாவது வரதட்சணை, திட்டத்தின் கடைசி வரியில் ஒளிந்திருக்கக் கூடாது. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். யாரும் கேட்காமல் மனமுவந்து தரும் பரிசுகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் பெண்ணுக்கு வந்தவை, மாப்பிள்ளைக்கு வந்தவை என்று எழுத்தில் பட்டியல் வைத்துக் கையெழுத்திட வேண்டும் என்று 1985இல் வந்த விதிகள் சொல்கின்றன. மொய் நோட்டை ஒரு ரூபாய் விடாமல் எழுதும் நாம் இந்தப் பட்டியலை எழுதுவதில்லை. லக்ன பத்திரிகை எழுதும் நாளிலேயே அந்தத் தாளையும் தொடங்கிவிடலாம். ஆந்திராவில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவும் கட்டாயம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, பத்திரிகை, படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்க ஒருவரை நியமித்துவிட்டால் அந்த வேலை முடிந்தது.

அழைக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சித்தூருக்கோ திருப்பதிக்கோ தெலுங்குக் கல்யாணத்துக்குப் போனால், பத்திரிகையில் போட்ட நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருங்கள். திரை விலகுவதைப் பாருங்கள். தலம்பிராலு வாரி இறைத்து மணமக்கள் சிரிப்பதைப் பாருங்கள். அதோடு எழுந்துவிடாதீர்கள். ஆடை முனைகளை இணைத்த கொங்குமுடியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அக்கினியைச் சுற்றி ஏழாவது அடி வைக்கும்வரை இருங்கள். இலை போட இன்னும் அரைமணி ஆகட்டும்.